எந்த ஊடுங்க?

அவருடைய பெயரை இங்கே நான் சொல்லப்போவதில்லை. மறந்துவிட்டது என்பதால் அல்ல, நன்றாகவே ஞாபகம் இருக்கிறது. ஆனால் பெயரைச் சொன்னால் ஆளைச் சொன்னதாகிவிடும் என்பதை அவர் ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. "பேரு ஊருக்கெல்லாம் பொது அண்ணாச்சி. அதை வச்சு ஆளை எப்படிப் பிடிப்பீய?" என்று கேட்பார். அப்படிப்பட்டவரைப் பெயர் போட்டு எழுதினால் கோபித்துக்கொள்வார்.

எங்கள் ஊரில் அவரை 'எந்தூட்டம்மிணி' என்றார்கள். அதுவும் முதுகுக்குப் பின்னால்தான். பாலக்காட்டுப் பக்கம் எலப்புள்ளியில் கல்யாணச் சாமான் வாடகைக்கு விடும் கடை எங்களுடையது. அண்டா, குண்டா, வாளி, கரண்டி, ஜமுக்காளம், பெட்ரோமாக்ஸ் விளக்கு எல்லாம் உண்டு. எழுபதுகளின் நடுவில் அந்தக் கடையில் அவர் இரண்டு வருஷத்துக்குக் கொஞ்சம் அதிகமாக வேலை பார்த்தார். படியேறுகிறவர் வாய் திறப்பதற்குள் "வாங்க, எந்த ஊடுங்க?" என்பார். வண்டிப்பெரியாறு மலையிலிருந்து வந்தவர். வாய் முழுக்கத் தெக்கத்திப் பேச்சு. வீட்டை ஊடு என்கிற எங்கள் பக்கத்துப் பேச்சில் அவர் கற்றுக்கொண்டது அந்த ஒரு வாக்கியம்தான். அதை வைத்தே இந்தச் சீமையை ஒரு ஆட்டு ஆட்டிவிட்டார்.

என் மச்சினன், பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன், ஒருநாள் உரிமையோடு உள்ளே வந்தான். "நாந்தான் அம்மிணி, மொதலாளியோட மச்சான்" என்றான். "சரிங்க. எந்த ஊடுங்க?" என்றார். அவன் முகம் சுண்டிப்போய் நின்றான். கடைசியில் தோட்டத்துப் பெயரைச் சொன்ன பிறகுதான் வீட்டுக்கு ஒரு நம்பர் போட்டு வைத்திருந்த பெட்டியிலிருந்து ஒரு அட்டையை எடுத்து, "ஓ, நீங்க ஒம்பதா? உக்காருங்க" என்றார். ஒரு வாரம் என் வீட்டில் எனக்குச் சோறு சரியாக விழவில்லை. தெருவில் சாமி புறப்பாடு என்று யாராவது ஓடிவந்து சொன்னால் "எந்தச் சாமி?" என்று கேட்பார். அதைக் கிண்டல் செய்யாத ஆளே கடைவீதியில் கிடையாது. அவரும் சேர்ந்து சிரிப்பார். ஆனால் கேட்பதை விடமாட்டார்.

அவர் எங்கள் கடைக்கு முதலில் வந்தது வேலைக்கு அல்ல, சண்டைக்கு. அவர் வீட்டுக்காரர் மலையில் தேயிலை ஃபேக்டரியில் ஃபிட்டராக இருந்தவர். கஞ்சிக்கோட்டில் ஒரு மில்லில் வேலை கிடைத்துக் குடும்பத்தோடு இறங்கிவந்து, எங்கள் கடைக்குப் பின்னால் குடியிருந்தார்கள். பால் காய்ச்சுவதற்கு ஒரு ஜமுக்காளமும் கொஞ்சம் டம்ளரும் வாங்கிப்போனார் இந்த அம்மா. மறுநாள் திருப்பிக் கொண்டுவந்தபோது பத்து டம்ளர் இருந்தது. நான் பன்னிரண்டு என்றேன். அவர் பத்து என்றார்.

"எழுதி வச்சிருக்கீயளா?"

"எழுதாம இருப்பனுங்களா?" என்று ஆணியில் தொங்கிய நோட்டை எடுத்துப் பெருமையாக நீட்டினேன். அதில் 'மலைக்காரம்மா, டம்ளர்' என்று இருந்தது.

"எத்தனைன்னு இல்லியே."

"அதெல்லாம் மண்டைல இருக்குதுங்க."

"அப்பம் அந்த மண்டையைத் திறந்து காட்டுங்க, பார்ப்போம்" என்றார்.

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். எனக்குச் சுருக்கென்று இருந்தது. என் ஞாபகத்தின் மேல் எனக்கு அவ்வளவு கர்வம். இருநூறு வீட்டுக் கல்யாணம் காதுகுத்து எல்லாம் விரல்நுனியில் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன். சாயங்காலம் கடையில் டம்ளர் போட்டுவைக்கும் சாக்கைத் தட்டும்போது இரண்டு டம்ளர் உருண்டு வெளியே வந்தது. சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நான் போய்ச் சொன்னேன். அவர் வெற்றிக் களிப்பெல்லாம் காட்டவில்லை. "உங்க நோட்டை ஒருக்க நான் படிச்சுப் பார்க்கட்டுமா?" என்று மட்டும் கேட்டார்.

அந்த நோட்டை அவர் எங்கள் கடை வாசலில் உட்கார்ந்து உரக்கப் படித்த அரைமணி நேரத்தை நான் மறக்கமாட்டேன். 'மேக்காலத் தோட்டத்துப் பெரியவர்.' 'வேலந்தாவளம் ரோட்டுக்காரர்.' 'மீசை மாமா.' 'பழனிச்சாமி அப்பா.' ஒவ்வொன்றையும் படித்துவிட்டு "இது எந்த ஆளு?" என்று கேட்டார். நான்கும் ஒரே ஆள் என்றேன். அவர் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். மலையில் எஸ்டேட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளின் அட்டைகளைப் பார்த்துக்கொண்டவர் அவர். அங்கே தொழிலாளிகளின் பெயர்ப் பதிவேட்டுக்கு செக்ரோல் என்று பெயர். ஆளுக்கு ஒரு செக்ரோல் நம்பர் உண்டு. இவருடையது இருநூற்றுப் பதினாலு. பெயர் கேட்டால் அதையும் சேர்த்துத்தான் சொல்வார். "உங்க ஊருல நாலு ஆளுக்கு ஒரு பேரு இருக்கும்னு நினைச்சேன். இங்க ஒரு ஆளுக்கே நாலு பேரு இருக்கே" என்றார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வந்துவிட்டார்.

வந்ததும் எழுத உட்காருவார் என்று புதுப் பேனா வாங்கி வைத்திருந்தேன். அவர் பேனாவைத் தொடவில்லை. என்னை உட்காரவைத்து, "இந்தக் கடையில என்ன நடக்குன்னு ஒரே வாக்கியத்துல சொல்லுங்க" என்றார். இதென்ன பள்ளிக்கூடமா என்று எரிச்சலாக இருந்தது. பலமுறை திணறி ஒருவழியாகச் சொன்னேன்: ஒரு ஊட்டுக்காரர், ஒரு விசேஷத்துக்கு, சில சாமான்களை எடுத்துப் போகிறார். "அவ்வளவுதான். மூணு பெட்டி போதும்" என்றார்.

தேயிலைப் பெட்டிப் பலகையை அறுத்து அவர் வீட்டுக்காரர் மூன்று பெட்டி செய்து கொடுத்தார். ஒன்று ஊட்டுப் பெட்டி. ஒன்று சாமான் பெட்டி. இன்னொன்று நாள் பெட்டி. அட்டைக்கு எங்கே போவது என்று நான் யோசித்தபோது, ஆணியில் வருஷக்கணக்காகக் குத்தி வைத்திருந்த கல்யாணப் பத்திரிகைகளைக் காட்டினார். அந்தக் காலத்தில் பத்திரிகை நல்ல தடிமனாக இருக்கும், பின்பக்கம் வெறுமையாக இருக்கும். எல்லாவற்றையும் ஒரே அளவில் வெட்டினார். இன்றைக்கும் எங்கள் ஊட்டுப் பெட்டியில் ஒரு அட்டையைத் திருப்பினால் மஞ்சள் தடவிய மூலையோடு யாராவது ஒருவரின் பாதிப் பெயர் இருக்கும்.

ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நம்பர், ஒரு அட்டை. ஊர், தோட்டம், போகும் தடம், வீட்டிலுள்ள ஆட்கள் எல்லாம் அதில் மட்டும். ஒவ்வொரு பாத்திரத்துக்கும் ஒரு நம்பர், ஒரு அட்டை. எத்தனை படி அரிசி வேகும், காது ஆடுகிறதா, ஓட்டை உண்டா என்பதெல்லாம் அதில் மட்டும். நாள் பெட்டியில் விசேஷத்துக்கு ஒரு அட்டை. அதில் நாளும் நேரமும் போக, வெறும் நம்பர்கள்தான். முப்பத்தேழாம் வீட்டுக்கு நாலாம் நம்பர், ஏழாம் நம்பர் சாமான். வேறொன்றும் கிடையாது. நான் அக்கறையாக அதிலேயும் பெயரும் ஊரும் எழுதப்போனால் கையைத் தட்டிவிடாத குறைதான். "ஒருக்க எழுதினதை மறுக்க எழுதப்பிடாது அண்ணாச்சி. அவுக வீடு மாறிப்போனா, எத்தனை இடத்துல அடிச்சுத் திருத்துவீய? ஒரு இடத்துல விட்டுப்போச்சுன்னா எது நிசம், எது பொய்யின்னு யாரு சொல்லுவா?"

எனக்கு வருத்தம் வந்தது பாத்திரங்களுக்கு நம்பர் வெட்டிய அன்றுதான். என் அண்டாக்களுக்கு நான் பட்டப்பெயர் வைத்திருந்தேன். பெரியவள், சித்தாத்தா, ஓட்டைக்காரி. அப்பா வாங்கிப்போட்ட காலத்திலிருந்து கூட இருக்கிறவர்கள். அவர்கள் விளிம்பில் உளி வைத்து ஒன்று, இரண்டு என்று வெட்டும்போது ஜெயில் கைதிக்குச் செய்கிற மாதிரி இருந்தது. அதைச் சொல்லியும் விட்டேன். அவர் அண்டாக்களின் அட்டைகளில் நம்பருக்குக் கீழே 'பட்டப்பேரு' என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார். அந்த ஒரு வரிக்காக நான் அவருக்கு அடிமையாகிப்போனேன்.

ஏன் இப்படிப் பெயர் என்றாலே சந்தேகப்படுகிறீர்கள் என்று ஒரு மத்தியானம் கேட்டேன். அப்போது ஒரு கதை சொன்னார். அவர்கள் குடியிருந்த லயத்தில், அதாவது எஸ்டேட் தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், ஒரே பெயரில் இரண்டு பெண்கள். எதிரெதிர் வீடு. ஒருத்திக்கு ஊரிலிருந்து, அம்மா இறந்துவிட்டதாகத் தந்தி வந்தது. ஆபீஸ் ஆள் எடுத்துப்போய் எதிர்வீட்டுக்காரியிடம் கொடுத்துவிட்டார். அவள் தலையில் அடித்துக்கொண்டு பஸ் ஏறி, திருநெல்வேலிப் பக்கம் தன் ஊருக்கு வழிநெடுக அழுதுகொண்டே போய்ச் சேர்ந்தாள். "அங்க அவ அம்மை உரலுல மாவு இடிச்சிட்டு நிக்கா. 'எதுக்குட்டி இப்படி ஒப்பாரி வச்சுட்டு வாரே? எவ செத்தா?'ன்னு உலக்கையோட கேக்கா." அவர் உலக்கை பிடித்து நின்று காட்டிய விதத்தில் கடையில் இருந்த எல்லாரும் உருண்டு சிரித்தோம். நானும்தான். இன்னொருத்தி என்ன ஆனாள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை.

இப்போது பழனிச்சாமிகளுக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். பழனிச்சாமி என்று ஒரு பெரியவர் இருந்தார். அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவருக்கு மேக்காலத் தோட்டம், இளையவருக்குக் கிழக்காலத் தோட்டம். இரண்டு பேருமே தலைச்சன் பையனுக்கு அப்பா பெயரை வைத்தார்கள். ஆக வேலிக்கு இந்தப் பக்கம் ஒரு பழனிச்சாமி, அந்தப் பக்கம் ஒரு பழனிச்சாமி. அந்தக் கிளுவை வேலியை ஒரு அடி தள்ளி நட்டது யார் என்பதில் அண்ணன் தம்பிக்குள் சண்டை. ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது.

மூத்தவர் தை மாதத்திலேயே வந்து தன் மகன் கல்யாணத்துக்குச் சாமான் சொல்லிவிட்டார். அம்மிணி அட்டை எழுதினார். இரண்டு வாரம் கழித்து இளையவர் வந்தார். அம்மிணி ரேஷன் கடைக்குப் போயிருந்த நேரம். "நம்ம பழனிச்சாமி கல்யாணத்துக்குச் சாமான் சொல்லோணுங்க" என்று நாளைச் சொன்னார். அதே நாள். எனக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அண்ணன் மகன் கல்யாணத்துக்குத் தம்பி வந்து அக்கறையாக விசாரிக்கிறாரே, சமாதானம் ஆகிவிட்டார்கள்போல என்று நினைத்தேன். "அதெல்லாம் அப்பவே எழுதியாச்சுங்க. நீங்க கவலையே படாதீங்க" என்றேன். எங்கள் கடையின் சுறுசுறுப்பை மெச்சிக்கொண்டு அவரும் போய்விட்டார். எந்த ஊடு என்று நான் கேட்கவில்லை. எனக்குத்தான் எல்லாம் தெரியுமே.

கல்யாணத்துக்கு நாலு நாள் இருக்கும்போது ஆணியில் குத்தியிருந்த பத்திரிகைகளை அம்மிணி எடுத்துப் படித்தார். எதிர்கால அட்டைகளுக்காக அவற்றின் முதுகைத் தடவிப் பார்ப்பது அவர் வழக்கம். அன்றைக்கு முகத்தைப் படித்தார்.

"அண்ணாச்சி, இந்த ரெண்டாவது பழனிச்சாமி கல்யாணத்துக்கு யாரு பாத்திரம் குடுக்கா?"

"ரெண்டாவது எங்க வந்துச்சு? ஒண்ணுதான்."

"பொண்ணு ரெண்டு பேரா இருக்காளே."

இரண்டு பத்திரிகையையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு மாப்பிள்ளைக்குக் கொழிஞ்சாம்பாறைப் பெண். இன்னொரு மாப்பிள்ளைக்கு வேலந்தாவளத்துப் பெண். அவர் ஊட்டுப் பெட்டியிலிருந்து மூத்தவர் வீடு முப்பத்தேழையும் இளையவர் வீடு ஐம்பத்திரண்டையும் எடுத்து வைத்தார். பிறகு நாள் பெட்டியைத் திறந்தார். அந்த முகூர்த்தத்துக்கு முப்பத்தேழாம் வீட்டு அட்டை மட்டும் இருந்தது. ஐம்பத்திரண்டாம் வீட்டுக்கு ஒரு கரண்டிகூடக் கிடையாது. நான் அப்படியே ஜமுக்காளக் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டேன்.

அன்றைக்கே பொள்ளாச்சி வரை பஸ்ஸில் போய் அலைந்தேன். வருஷத்தின் பெரிய முகூர்த்தம் அது. எங்கேயும் ஒரு குண்டா மிச்சமில்லை. இளையவர் வீட்டில் பந்தி போட முடியாமல் போனால், ஒன்பது வருஷமாகப் பேசாத அண்ணன் கண்ணெதிரே, வேலிக்கு அந்தப் பக்கம் ஊரே கைநனைத்துக்கொண்டிருக்கும்போது, அந்த மனுஷன் தலைகுனிந்து நிற்பார். அது என் வாயால் வந்த வினையாக இருக்கும்.

திரும்பி வந்தால், அம்மிணி கடைத் தரை முழுக்கச் சாமான் அட்டைகளைப் பரப்பி நடுவில் உட்கார்ந்திருந்தார். "இருக்கா இல்லையான்னு கேட்டா இல்லைன்னுதான் வரும் அண்ணாச்சி. எப்பம் சும்மா இருக்கும்னு கேளுங்க" என்றார். மூத்தவர் வீட்டு முகூர்த்தம் விடியற்காலை. இளையவர் வீட்டில் பத்தரைக்கு மேல். மேக்காலத் தோட்டத்தில் விடியும்போதே சோறு வடித்துப் பனம்பாயில் கொட்டி, மேலே வெள்ளை வேட்டி போர்த்திவிடுவார்கள். குழம்பை வாளிகளுக்கு மாற்றிவிடுவார்கள். ஆறு மணிக்குப் பெரியவள் சும்மா இருப்பாள். ஆறரைக்குச் சித்தாத்தா. ஒவ்வொரு அட்டையாக மேற்கிலிருந்து கிழக்குக்கு நகர்த்திக் காட்டினார். பாயசத்துக்கு மட்டும் ஒரு அண்டா இடித்தது. அதற்கும் ஒரு அட்டையை எடுத்து நீட்டினார். ஓட்டைக்காரியின் அட்டை. 'ஓட்டை அடைத்து வந்தது' என்று அதில் அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. ஆறு மாதம் முன்பு நானே கொண்டுபோய் அடைத்துவந்து, மறந்து, மூலையில் கவிழ்த்து வைத்திருந்தேன்.

எல்லாம் சரி. ஆனால் அந்தப் பாத்திரங்கள் மத்தியானம் வரை மூத்தவருக்குப் பேசியவை. அவர் விடவேண்டும். மறுநாள் காலை நானும் அம்மிணியும் மேக்காலத் தோட்டத்துக்குப் போனோம். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். மூத்தவர் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டார்.

"அவம் பையன் கல்யாணத்துக்கு எனக்குச் சொன்ன அண்டாவா? நல்லாருக்குது நாயம். தப்புப் பண்ணுனது நீ. நீயே போயி அவன்கிட்டச் சொல்லிக்க."

"தப்பு எம்படதுதானுங்க மாமா..."

"அப்பறம் என்ன? போ."

நான் எழுந்துவிட்டேன். அம்மிணி எழவில்லை. "அண்ணாச்சி, அந்தப் பந்தியில சோறில்லாமப் போச்சுன்னா ஊருல என்னன்னு சொல்லுவாவ? பழனிச்சாமி கல்யாணத்துல சோறில்லைன்னு சொல்லுவாவ. எந்த வீட்டுப் பழனிச்சாமின்னு யாரு நின்னு கேக்கப்போறா? உங்க மகன் பேரும் அதுதான். உங்க அய்யா பேரும் அதுதான்."

"ஏங் கேக்கமாட்டாங்க? ஒரே ஊருல இருக்கறவங்களுக்குத் தெரியாதா?"

"கேக்கமாட்டாவ. எனக்குத் தெரியும்" என்றார். பிறகு அந்தத் தந்திக் கதையைச் சொன்னார். உலக்கை பிடித்துக் காட்டவில்லை. சிரிக்கவும் இல்லை. "எதிர்வீட்டுக்காரி ஊருக்குப் போயி, அம்மையைப் பார்த்து, சந்தோசத்துல ரெண்டு வாரம் இருந்துட்டு வந்தா. வந்து சொல்லித்தான் தந்தி யாருக்குன்னு தெரிஞ்சுது. அவ பேரும் என் பேரும் ஒண்ணு. அதுக்குள்ள எங்கம்மைக்குப் பதினாறும் முடிஞ்சுபோச்சு. தந்தி குடுத்த ஆளு, எந்த வீடுன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா நான் எங்கம்மை முகத்தைப் பார்த்திருப்பேன்."

அன்றைக்குக் கடையில் நான் உருண்டு சிரித்தது ஞாபகம் வந்து எனக்கு வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மூத்தவர் சுவரில் மாலை போட்டிருந்த அப்பா படத்தைக் கொஞ்சநேரம் பார்த்தார். பிறகு பண்ணையாளைக் கூப்பிட்டார்.

"ரோட்டு வழியாச் சுத்திப் போனா ரெண்டு மைலு. அப்பறம் அரிசி எப்ப வேகறது? வண்டி போற அகலத்துக்கு வேலிய வெட்டி உட்ரு."

இளையவரிடம் போய்ச் சொன்னபோது என்னைத் திட்டுவார் என்று தயாராக இருந்தேன். அவர் திட்டவில்லை. "வேலிய வெட்டச் சொன்னது எங்கண்ணனா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "எங்கண்ணனா சொன்னாரு?" என்று மறுபடியும் கேட்டார்.

கல்யாணத்தன்று விடிந்ததும் பெரியவள் வண்டியேறினாள். மேற்கே நாதஸ்வரம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கிழக்கே அடுப்பில் உட்கார்ந்தாள். வெட்டிய வேலியின் நடுவில் அம்மிணி அட்டைக்கட்டோடு நின்றார். தாண்டுகிற ஒவ்வொரு பாத்திரத்தின் விளிம்பையும் பார்த்து அட்டையை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றினார். ஒரு வாளி நம்பர் இல்லாமல் வந்தது. "எந்த ஊடுங்க?" என்று வாளியைக் கேட்டார். வண்டிக்காரர் முதல் சமையல்காரர் வரை சிரித்து ஓய்ந்தார்கள். அது கொழிஞ்சாம்பாறைப் பெண் வீட்டார் கொண்டுவந்த வாளி. ஓட்டைக்காரியில் வெந்த பாயசம் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை.

கிழக்கே இரண்டாம் பந்தி நடக்கும்போது வேலிச் சந்து வழியாக மூத்தவர் வந்தார். தோளில் புதுத்துண்டு. யார் முகத்தையும் பார்க்காமல், "பாத்திரம் எண்ணறதுக்கு வந்தேன். ஒண்ணு கொறஞ்சாலும் எம்பட பேருலல்ல இருக்குது" என்றார்.

இளையவர் கையில் சாம்பார் வாளி. "எண்ணுங்க. எலையில உக்காந்துட்டு எண்ணுங்க" என்றார்.

அவர் உட்கார்ந்தார். தம்பியே பரிமாறினார். இரண்டு பேரும் வேறு ஒன்றும் பேசிக்கொள்ளவில்லை, சாம்பார் மட்டும் மூன்று தடவை ஊற்றப்பட்டது. கைகழுவி வந்த மூத்தவர், பந்தி ஓரத்தில் நின்ற அம்மிணியிடம், "உம்பட பேரென்ன அம்மிணி?" என்று கேட்டார். "என் பேருல ஊருக்கு நாலு பேரு இருப்பாவ அண்ணாச்சி" என்று சிரித்துவிட்டு, சொன்னார். கடைக்கு வந்த இத்தனை நாளில் அவர் நம்பர் சேர்க்காமல் தன் பெயரைச் சொல்லி நான் கேட்டது அன்றைக்குத்தான். வேலியில் வெட்டிய இடத்தில் திரும்பக் கிளுவைக் குச்சி நட யாருக்கும் தோன்றவில்லை.

மறுவருஷம் அவர் வீட்டுக்காரருக்கு மலையிலேயே நல்ல வேலை கிடைத்து வண்டிப்பெரியாறுக்குத் திரும்பிப் போனார்கள். போகும்போது மூன்று பெட்டிகளையும் துடைத்து வைத்துவிட்டுப் போனார். அவர் போன மூன்றாம் மாதம் மேக்காலத் தோட்டத்தில் பேத்தி பிறந்தாள். அம்மிணியின் பெயரை வைத்தார் மூத்தவர். இருபது நாள் கழித்துக் கிழக்காலத் தோட்டத்திலும் பேத்தி. இளையவரும் அதே பெயரை வைத்துவிட்டார். அண்ணனுக்கும் தம்பிக்கும் அப்போது பேச்சு இருந்தது. ஆனால் பெயர் விஷயத்தை மட்டும், மற்றவர் ஆச்சரியப்படட்டும் என்று இருவருமே சொல்லாமல் வைத்திருந்தார்களாம். நான் மலைக்குக் கடிதம் எழுதினேன். பதில் ஒரு தபால் கார்டில் வந்தது. 'அண்ணாச்சி, நம்பர் போட்டாச்சா?' அவ்வளவுதான். கீழே கையெழுத்து இருக்க வேண்டிய இடத்தில் 214.

இருபது வருஷத்துக்குப் பிறகு என் மகன் கடைக்குக் கம்ப்யூட்டர் வாங்கினான். சின்னக் கடைகளுக்கென்றே விவரங்களை எழுதி வைக்கிற சாஃப்ட்வேர் ஒன்று அதில் இருந்தது. அதை ஆரம்பித்துக் கொடுக்க ஒரு பெண் வந்தாள். பாலக்காட்டில் கம்ப்யூட்டர் வகுப்பு எடுக்கிறவள், கிழக்காலத் தோட்டத்துப் பேத்தி. நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மொதல்ல எத்தனை டேபிள், அதாங்க பட்டியல், வேணும்னு முடிவு பண்ணோணுங்க தாத்தா" என்றாள்.

"மூணு" என்றேன்.

என்னைத் திரும்பிப் பார்த்தாள். பரணிலிருந்து மூன்று தேயிலைப் பலகைப் பெட்டிகளை இறக்கி அவள் முன்னால் வைத்தேன். அட்டைகளைப் புரட்டப் புரட்ட அவள் முகம் மாறியது. "இதேதானுங்க தாத்தா. ஒரு சேதி ஒரு எடத்துல, மத்த எடத்துல நம்பர். இதச் சொல்லிக் குடுக்க நான் மூணு நாள் வகுப்பெடுக்கறேன்" என்றாள்.

சோதித்துப் பார்க்கத் தன் பெயரையே முதலில் அடித்தாள். யந்திரம் பக்கத்தில் ஒன்று என்று போட்டுக்கொண்டது. அடுத்த வரியிலும் அதே பெயரை அடித்தாள். இரண்டு என்று போட்டது.

"ஏங்கண்ணு, ஒரே பேர எதுக்கு ரெண்டு தடவை அடிக்கறே?" என்று, தெரிந்துகொண்டே கேட்டேன்.

"மேக்காலத் தோட்டத்துலயும் ஒருத்தி இருக்கறாளுங்களே. பேர மட்டும் வெச்சா எப்படிங்க? எந்த ஊடுன்னு கேக்கோணுமில்லீங்க?" என்றாள் அவள், திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல்.